நூறு முறை எழுதினால் மனம் மாறுமா?

"நான் கணக்கில் கெட்டிக்காரன்" என்று தினமும் நோட்டில் நூறு முறை எழுதுங்கள், கணக்கு வந்துவிடும்! சுயமுன்னேற்ற நூல்கள் பல கூறும் யோசனை இது. ஆம்பூரில் பகலெல்லாம் செருப்புத் தொழிற்சாலையில் நின்றுவிட்டு, இரவில் தபால் வழிப் படிப்பைத் தொடரும் இளைஞரும் இதை நம்பி எழுதக்கூடும். பலன் உண்டா என்று பார்ப்போம்.

யோசனை புதிதன்று. பிரான்சு நாட்டு மருந்தாளர் எமில் கூயே (1857–1926), காலையும் இரவும் ஒரே வாக்கியத்தை 20 முறை சொல்லச் சொன்னார். எண்ணிக்கை தவறாமலிருக்க 20 முடிச்சிட்ட கயிறு வேறு! நம் ஜபமாலை நினைவுக்கு வருகிறதல்லவா?

2009-இல் ஜோன் வுட் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் கனடாவில் இதைச் சோதித்தார்கள். தாம் அன்புக்குரியவர் என்ற வாக்கியத்தை, மணி ஒலிக்கும்போதெல்லாம் மனத்துக்குள் சொல்லவேண்டும். தம்மைப் பற்றித் தாழ்வாக எண்ணியவர்களின் மனநிலை இதனால் மேலும் தாழ்ந்தது. 2020-இல் வேறு சிலர் இதைத் திரும்பச் செய்தபோது அந்தத் தீங்கு தென்படவில்லை. ஆகவே தீங்கு உறுதியில்லை. ஆனால், யாருக்கு இந்த மருந்து தேவையோ அவருக்கு அது வேலை செய்ததாகவும் காணோம்.

காரணம் ஊகிக்கக்கூடியதே. பச்சைத்தோலின்மீது 'பதனிட்டது' என்று மையால் எழுதினால் அது அழுகாமல் இருக்குமா? வாக்கியத்தைப் படித்ததும் மனம் நேற்றைய மதிப்பெண்ணை எடுத்துக் காட்டி மறுக்கிறது. பலிக்காவிட்டால் நூலாசிரியரிடம் பதில் தயார்: "உங்களுக்கு நம்பிக்கை போதவில்லை." எந்த முடிவு வந்தாலும் பொய்யாகாத கூற்றைச் சோதிப்பது எப்படி? என் முக்கிய ஆட்சேபம் இதுதான். தோல்வியின் பழி முழுவதும் எழுதியவர் தலையில் விழுகிறது.

எழுதுவதே வீண் என்று சொல்லவில்லை. ஜெஃப்ரி கோஹன் குழுவினர் 2006-இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வில், 7-ஆம் வகுப்பு மாணவர்கள் தமக்கு முக்கியமானது எது, ஏன் என்று எழுதினார்கள். கறுப்பின மாணவர்களின் மதிப்பெண் உயர்ந்தது. பிற பள்ளிகளில் இதே பலன் சில இடங்களில் கிடைத்தது, சில இடங்களில் கிடைக்கவில்லை.

பழக்கத்துக்கு அதைவிட உதவுவது பீட்டர் கோல்விட்சர் 1999-இல் விளக்கிய முறை. 'எப்போது, எங்கே, என்ன' என்று எழுதவேண்டும், புகழுரை வேண்டாம். "ஷிப்ட் முடிந்து வீட்டில் கைகால் கழுவியதும், திண்ணையில் உட்கார்ந்து இரண்டு கணக்குப் போடுவேன்." இந்த வரியை ஒருமுறை எழுதினால் போதும். ஓவர்டைம் உள்ள நாளில் இது தவறும். அந்த நாளுக்கென்று தனியாக ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள்.