எடி கோர்டோவை வாசிப்பது

டெக்கன் 3 ஆடி வளர்ந்த யாரிடமாவது எடி கோர்டோ என்று சொல்லிப் பாருங்கள். முதலில் ஒரு சிரிப்பு வரும், பின்னாலேயே ஒரு வசவு வரும். ஜின், ஹ்வோராங், யோஷிமிட்சு என்று எத்தனையோ பேர் இருந்தும், இவ்வளவு வெறுப்பைச் சம்பாதித்த பாத்திரம் அந்த ஆட்டத்தில் வேறு இல்லை. 1997இல் ஆர்கேடிலும் அடுத்த ஆண்டு பிளேஸ்டேஷனிலும் வந்த ஆட்டம். பிரேசில்காரனான எடி அதில்தான் அறிமுகமானான். எக்ஸ், வட்டம் என்ற இரண்டு உதை பட்டன்களை மாற்றி மாற்றித் தட்டினாலே போதும். கையை ஊன்றிச் சுழல்வான், படுப்பான், படுத்தபடியே காலை வாருவான், எழும்போது இன்னொரு உதை விடுவான். அன்றைக்குத்தான் கன்ட்ரோலரைத் தொடுகிற பையன்கூட ஆறு மாதமாகக் காம்போ பழகியவனைச் சாய்த்துவிட முடியும்.

எங்கள் ஊர் கேம் சென்டரில் எடியை எடுக்கக் கூடாது என்பது எழுதாத சட்டம். மீறினால் "டேய், அது சீட்டிங்டா" என்று நாலு பக்கமும் குரல் வரும். டைகர் ஜாக்சனுக்கும் அதே தடைதான். (பெரிய ஆஃப்ரோ முடியும் டிஸ்கோ உடையுமாக வருகிற எடிதான் அவன், அடிகள் எல்லாம் ஒன்றே.)

அந்தச் 'சீட்டிங்' என்ற சொல்லில் கொஞ்சம் நிற்க வேண்டியிருக்கிறது. எடி எந்த விதியையும் மீறவில்லை. ஆட்டம் அனுமதித்ததைத்தான் செய்கிறான். கோபம் வேறொன்றின் மேல். நான் கஷ்டப்பட்டுக் கத்துக்கிட்டு வந்திருக்கேன், அவன் சும்மா தட்டுறான், அவன் எப்படி ஜெயிக்கலாம்? வெற்றி என்பது உழைத்தவனுக்கு எழுதி வைத்த சொத்து என்ற நம்பிக்கை இதற்குள் இருக்கிறது. அந்த நம்பிக்கை எனக்கு ஒப்பவில்லை. ஆனால் புகாரை முழுக்கத் தள்ளிவிடவும் முடியாது. எடியை ஆட ஐந்து நிமிடம் போதும், எடியைத் தடுக்கப் பல வாரங்கள் ஆகும். இந்த ஏற்றத்தாழ்வு நிஜம். அதை வடிவமைத்தவர்கள்தான் பொறுப்பு, தட்டுகிற பையன் இல்லை.

தடுப்பது எப்படி என்று பார்த்தால்தான் அந்த வடிவமைப்பு புரியும். டெக்கனில் அடிகள் மூன்று உயரத்தில் வரும். மேலடி, குனிந்தால் தலைக்கு மேல் போய்விடும். நடு அடியை நின்றுதான் தடுக்க வேண்டும், குனிந்தால் வாங்கவேண்டியதுதான். கீழடியைக் குனிந்துதான் தடுக்க முடியும். எடியின் தொடர் உதைகள் இந்த மூன்றையும் சுழற்சிக்குள் ஒளித்து வைக்கின்றன. எல்லா உதையும் ஒரே காற்றாடி மாதிரிதான் தெரியும். நின்றே தடுத்தால் கால் போகும், பயந்து குனிந்தால் தாடை போகும். தோற்கிறவர்கள் பெரும்பாலும் மெதுவான கைக்காரர்கள் இல்லை, ஊகித்துக்கொண்டே இருப்பவர்கள்.

கேம் சென்டரைப் பார்த்துக்கொண்ட அண்ணன் ஒருவர் இருந்தார். நான் தொடர்ந்து தோற்பதைப் பார்த்துவிட்டு, "அவன் கையப் பாக்காத தம்பி. டிவியப் பாரு. எடியே சொல்லுவான்" என்றார். அதற்குமேல் எதுவும் சொல்லித் தரவில்லை. மணிக்குப் பத்து ரூபாய். அதில் பாதி நேரம் பிராக்டிஸ் மோடில் நானே எடியை எடுத்து, அசையாமல் நிற்கும் எதிரியை உதைத்துப் பார்ப்பதில் போனது. எந்தச் சுழற்சிக்கு முன்னால் தோள் இறங்குகிறது, எந்த உதைக்குப் பின் படுக்கிறான், எதற்குப் பின் தலைகீழாக நிற்கிறான் என்று பார்த்தேன். மெல்ல மெல்லக் காற்றாடி தனித்தனி இறக்கைகளாகப் பிரிந்தது. பல கீழடிகளைத் தடுத்துவிட்டால் எடி ஒரு கணம் திறந்து கிடப்பான். குனிந்த நிலையிலிருந்து எழுந்துகொண்டே அடிக்கிற அடி அந்தக் கணத்துக்காகத்தான் இருக்கிறது. நொடிக்கு 60 ஃப்ரேம் ஓடுகிற ஆட்டம் இது. பிந்தைய டெக்கன்களில் பெரும்பாலான பாத்திரங்களின் வேகமான குத்து வெளிவர 10 ஃப்ரேம், அதாவது நொடியில் ஆறில் ஒரு பங்கு. அவ்வளவு சின்ன ஜன்னல். ஆனால் எப்போது திறக்கும் என்று தெரிந்துவிட்டால் அது போதுமான ஜன்னல்தான்.

சண்டை விளையாட்டுக்காரர்கள் 'யோமி' என்ற ஜப்பானியச் சொல்லைப் பயன்படுத்துவார்கள். பொருள் வாசிப்பு. எதிராளியின் மனதை வாசித்து அவன் அடுத்துச் செய்யப்போவதை முன்னரே அறிவது. எடியைத் தட்டுகிற பையனிடம் இந்த வாசிப்பு பலிக்காது, ஏனென்றால் அடுத்து என்ன வரும் என்று அவனுக்கே தெரியாது. அவனிடம் நோக்கம் இல்லை, உதை மட்டும்தான் இருக்கிறது. ஆசிரியனின் மரணம் பற்றி ரோலான் பார்த் எழுதியதைப் பின்னாளில் படித்தபோது எனக்கு முதலில் நினைவு வந்தது இந்தப் பையன்தான் (சிரிக்காதீர்கள்). எழுதியவன் என்ன நினைத்தான் என்று தேடுவதை விட்டுவிட்டுப் பிரதியைப் பார்க்க வேண்டும். அண்ணன் சொன்னதும் அதுதானே?

எடியின் கலையான கபோய்ராவிலும் நோக்கத்தை ஒளிப்பதே பாதி வித்தை. பிரேசிலில் அடிமைப்படுத்தப்பட்ட ஆப்பிரிக்கர்களிடையே உருவாகி, 1890இன் தண்டனைச் சட்டத்தில் குற்றமாக்கப்பட்ட கலை அது. அதில் இறங்குபவர்கள் சண்டை போடுகிறோம் என்று சொல்வதில்லை, ஆடுகிறோம் என்பார்கள். ஓயாமல் ஊசலாடும் 'ஜிங்கா' என்ற அசைவுக்குள் உதை எப்போது கிளம்பும் என்பது மறைந்திருக்கும். டெக்கனுக்காக மோஷன் கேப்சர் செய்தவர் மார்செலோ பெரேய்ரா என்ற கபோய்ரா ஆசான். அதனால்தான் எடியின் உடம்பில் அந்த ஊசல் அத்தனை இயல்பாக இருக்கிறது. கதைப்படி, தந்தை கொல்லப்பட்டபின் உயிர் தப்புவதற்காகச் செய்யாத கொலையை ஒப்புக்கொண்டு எட்டு வருடம் சிறையில் இருந்தவன், அங்கேதான் ஒரு முதியவரிடம் இதைக் கற்கிறான். கேம் சென்டரில் எவனுக்கும் இந்தக் கதை தெரியாது. தட்டுகிற பையன் ஆசான் ஒருவரின் உடம்பைக் கடன் வாங்கி ஆடுகிறான், அவ்வளவுதான்.

எல்லாப் புகாரையும் 'போய்க் கத்துக்கோ' என்று மூடிவிடலாம் என்பதல்ல இது. டெக்கன் 7இல் 2019 டிசம்பரில் வந்த லீராய் ஸ்மித், அடுத்த மாதம் நடந்த ஈவோ ஜப்பான் போட்டியின் கடைசி எட்டுப் பேரில் பெரும்பாலோரின் தேர்வாக இருந்தான். கோப்பையும் லீராய்க்குத்தான். அதன்பின் அவன் பலம் குறைக்கப்பட்டது. உலகத்தின் சிறந்த ஆட்டக்காரர்கள் ஒரே பாத்திரத்தின் பின்னால் வரிசையில் நிற்கும்போது பாடம் படிக்க வேண்டியது நிறுவனம்தான். எடி அப்படியில்லை. கேம் சென்டர்களில் பயமுறுத்திய அளவுக்கு அவன் பெரிய மேடைகளை ஆண்டதே இல்லை.

இதைவிட எனக்கு உறுத்துவது வேறு. எந்த அடி எத்தனை ஃப்ரேம் என்ற கணக்கைத் திரையில் காட்டும் வசதியை டெக்கன் 7 தனியாகக் காசுக்கு விற்றது. குழப்பத்தை உள்ளே வைத்துவிட்டு விளக்கத்துக்கு விலை போடுவது அநியாயம். 2024இல் வந்த டெக்கன் 8 பரவாயில்லை. தோற்ற ஆட்டத்தின் ரீப்ளேயில் எங்கே திருப்பி அடித்திருக்கலாம் என்று காட்டுகிறது, அந்த இடத்திலேயே கன்ட்ரோலரை வாங்கி அடித்துப் பார்க்கவும் விடுகிறது. அண்ணன் செய்யாத வேலையை மெஷின் செய்கிறது. டிவி முன்னால் அரைமணி நேரம் தனியாக உட்கார்ந்து ஒரு தோள் இறங்குவதைக் கண்டுபிடிக்கிற சந்தோஷம் இதில் குறையும்தான். இருந்தாலும் அந்தச் சந்தோஷத்துக்கு எல்லோரும் மணிக்குப் பத்து ரூபாய் கட்ட வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன்.

எடியும் டெக்கன் 8க்குத் திரும்பி வந்துவிட்டான், முதல் டிஎல்சி பாத்திரமாக. போன வாரம் ஆன்லைனில் ஒருவன் கிடைத்தான். கீழே வாரப்போகிற மாதிரி தோளை இறக்கினான், நான் குனிந்தேன். அவன் வாரவில்லை. அரை நொடி காத்திருந்து நடுவில் ஒன்று விட்டான். அடுத்த ரவுண்டில் அதே தோளை மறுபடி இறக்கினான். நான் நின்றேன். இந்த முறை வாரிவிட்டான். இவனுக்கு அடுத்து என்ன வரும் என்று நன்றாகவே தெரிந்திருந்தது. ரீமேட்ச் கொடுத்தேன்.