படிப்பினை இல்லாத கதைகள்

சில வருடங்களுக்கு முன்னர் ஒரு சிறுவர் கதைப் போட்டிக்கு நடுவராக இருந்தேன். வந்திருந்த கதைகளுள் ஒன்று இன்னும் நினைவில் நிற்கிறது. ஒரு சிறுவன் தெருவில் கிடந்த நாய்க்குட்டியொன்றை வாப்பாவுக்குத் தெரியாமல் வளவின் பின்மூலையில் வைத்து வளர்க்கிறான். ஒருநாள் காலையில் குட்டியைக் காணவில்லை. அது சோறு தின்ற சிரட்டையைக் கழுவிக் கவிழ்த்து வைக்கிறான். அவ்வளவுதான் கதை. 'நடை நன்று. படிப்பினை இல்லை. நாய் வளர்ப்பதை ஊக்குவிக்கிறது' என்று குறிப்பெழுதிப் புள்ளியைக் குறைத்தேன். பொய் சொல்லி அகப்பட்டு, அழுது, திருந்திய ஒரு பிள்ளையின் கதைக்குப் பரிசு போனது.

அந்தத் தீர்ப்புப் பிழை என்பதை எனக்கு உணர்த்தியவர்கள் விமர்சகர்கள் அல்லர். என் பிள்ளைகளும் மூன்று பழைய புத்தகங்களும்தான்.

2022ஆம் ஆண்டின் மின்வெட்டுக் காலத்தை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். மார்ச் மாத இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் இல்லை. கடதாசித் தட்டுப்பாட்டினால் பாடசாலைப் பரீட்சைகள் கூடப் பிற்போடப்பட்டன. தொலைக்காட்சி இல்லை, கைபேசியில் சார்ஜ் இல்லை. மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையில் விறாந்தையில் பாய் விரித்து, அலுமாரியில் கிடந்த புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்து வாசிக்கத் தொடங்கினேன். கேட்பவர்கள் நால்வர்: எட்டாம் ஆண்டு மகன், புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த மகள், மனைவி, தஸ்பீஹ் மணியுடன் சுவரில் சாய்ந்திருக்கும் மாமி. சிங்களப் புத்தகமாயினும் ஆங்கிலப் புத்தகமாயினும் வாசிக்கிறபோதே தமிழில் சொல்லிக்கொண்டு போவேன்.

முதலில் எடுத்தது சிபில் வெத்தசிங்கவின் 'குட ஹொரா', அதாவது குடைத் திருடன். 1956இல் வெளிவந்து, 1980களில் ஜப்பானிலும் விருது பெற்றது. எழுதியவரும் படம் வரைந்தவரும் அவரே. குடை என்பதையே கண்டிராத ஒரு கிராமம். மழைக்கு வாழையிலையும் சேம்பிலையும்தான் பிடிப்பார்கள். கிரி மாமா பட்டணத்துக்குப் போய்க் குடை வாங்கி வருகிறார். ஊர் திரும்பிக் கோப்பிக் கடையில் கோப்பி குடித்துவிட்டு வருவதற்குள் குடை களவு போய்விடுகிறது. மீண்டும் வாங்குகிறார், மீண்டும் போகிறது. கடைசியில் குடை மடிப்புக்குள் கடதாசித் துண்டுகளைப் போட்டுவைத்து, அவை விழுந்த வழியே போய்ப் பார்க்கிறார். காட்டில் ஒரு மரம் முழுக்கக் குடைகள்! திருடனுக்காக ஒன்றை விட்டுவிட்டு மற்றவற்றை எடுத்து வருகிறார். திருடன் ஒரு குரங்கு.

வாசித்து முடித்ததும் பழக்கதோஷத்தில் "இதிலிருந்து நீங்கள் படித்துக்கொண்டது என்ன?" என்று கேட்டேன். பிள்ளைகள் வகுப்பறைப் பிள்ளைகளாக மாறி மௌனமானார்கள். சற்று நேரத்தின் பின் மகள், "ஏன் வாப்பா அவர் ஒரு குடையை விட்டுட்டு வந்த?" என்று கேட்டாள். நான் கேட்ட கேள்வி கதையை மூடியது, அவள் கேட்டது அதைத் திறந்தது. களவுக்குத் தண்டனை இல்லை, உபதேசம் இல்லை. ஆனால் இழந்தவன் திருடனுக்கும் மழை உண்டென்று நினைக்கிறான். இதைக் கடைசிப் பக்கத்தில் ஒரு வாக்கியமாக எழுதியிருந்தால் அந்தக் கேள்வி பிறந்திருக்காது. 2020இல் காலமான வெத்தசிங்க, தன் கடைசிக் காலத்தில் முடிவு சொல்லாமல் ஒரு கதையை எழுதி, அதற்கான முடிவுகளைப் பிள்ளைகளிடமே கேட்டு வாங்கியவர். பிள்ளைகளின் மீது அவருக்கிருந்த நம்பிக்கைக்கு அது சான்று.

அடுத்தது மார்ட்டின் விக்கிரமசிங்கவின் 'மடொல் தூவ'. 1947இல் வந்த நாவல். உபாலி என்ற குறும்புக்காரனும் அவன் வீட்டு வேலைக்காரப் பையன் ஜின்னாவும் வீட்டை விட்டு ஓடிப்போய், கொக்கல ஏரியிலுள்ள ஆளில்லாத் தீவொன்றில் பயிர்செய்து வாழ்கிறார்கள். எமது கதைகளில் வீட்டை விட்டு ஓடும் பிள்ளை பசியில் வாடி, உம்மாவின் சோற்றை நினைத்து அழுது, மூன்றாம் பக்கத்தில் திரும்பி வந்துவிடும். விக்கிரமசிங்க அவனை ஓடவிடுகிறார். அவன் கையால் மண்ணைக் கிண்டவைத்து மனிதனாக்குகிறார். என் மகனுக்கு இந்நூல் பெரிதும் பிடித்துவிட்டது. மகளுக்கோ ஒரு குறை: "அந்தத் தீவுக்குப் பொம்புளப் பிள்ளையள் ஆரும் போகல்லயே?" நியாயமான விமர்சனம். மேதைகளின் நூல்களையும் பிள்ளைகள் தயவின்றித்தான் வாசிக்கிறார்கள்.

மூன்றாவது நூலில்தான் சிக்கல் வந்தது. ஈ. பி. வைற் எழுதி 1952இல் வெளியான 'சார்லொட்டின் வலை'. கார்த் வில்லியம்ஸின் சித்திரங்களுடன் வந்த அமெரிக்க நாவல். அதன் நாயகன் வில்பர் ஒரு பன்றிக்குட்டி. பன்றி என்று வாயால் சொன்னால் நாற்பது நாளைக்கு நாக்கு நஜீஸ் என்று கேட்டு வளர்ந்தவன் நான். பல வருடங்களாக அந்தப் புத்தகத்தை அலுமாரியின் பின்வரிசையில் வைத்திருந்ததற்கும் அதுவே காரணம். பெயரைக் கேட்டதும் மாமி உள்ளே எழுந்து போனார்.

விலக்கப்பட்டது அதன் இறைச்சி. அதைக் கதையில் சந்திப்பதை விலக்கியது யார்? எமது மரபையே சற்றுப் புரட்டிப் பார்க்கலாம். குர்ஆனில் எறும்பு பேசுகிறது, அதைக் கேட்டு ஸுலைமான் (அலை) புன்னகைக்கிறார்கள். குகைவாசிகளின் வாசலில் அவர்களது நாய் முன்னங்கால்களை நீட்டிப் படுத்திருக்கிறது. பஸராவின் இஃக்வானுஸ் ஸபா என்ற அறிஞர் குழுவினர் பத்தாம் நூற்றாண்டளவில் எழுதிய நிருபங்களுள் ஒன்றில், மனிதரின் கொடுமைக்கு எதிராக ஜின்களின் அரசனிடம் மிருகங்கள் வழக்குரைக்கின்றன. அந்தச் சபையில் பன்றிக்கும் பேச இடம் கொடுத்தார்கள். ஆயிரம் வருடங்களுக்கு முந்திய எமது அறிஞர்களிடம் இருந்த தைரியம் எமது கதைப் போட்டி நடுவர்களிடம் இல்லை. என்னையும் சேர்த்தே சொல்கிறேன்.

மெலிந்து பிறந்ததால் கொல்லப்படவிருந்த குட்டியை ஃபேர்ன் என்ற சிறுமி தகப்பனின் கோடரியிலிருந்து காப்பாற்றுகிறாள். பின்னர் கொழுத்ததும் அறுக்கப்படும் ஆபத்து. இப்போது காப்பாற்ற முன்வருவது தொழுவத்தின் கதவுநிலையில் வாழும் சிலந்தி. சார்லொட் தன் வலையிலே வில்பரைப் புகழும் சொற்களைப் பின்னுகிறாள். மனிதர்கள் எழுத்தைக் கண்டு மலைக்கிறார்கள். சொற்களைக் குப்பைமேட்டிலிருந்து பொறுக்கித் தருவது டெம்பிள்டன் என்ற சுயநல எலி. அவள் கடைசியாகப் பின்னும் சொல் பணிவு என்ற பொருளுடையது. பெருமையில்லாதது, தரைக்கு நெருக்கமானது என்ற இரண்டு அர்த்தமும் அதற்குண்டு. இதைச் சொன்னபோது "சுஜூது மாதிரி" என்றாள் மனைவி.

சிலந்தி வலை ஓர் உயிரைக் காத்தது என்பது எம் பிள்ளைகளுக்குப் புதிதல்ல. தௌர் குகை வாசலில் சிலந்தி வலை பின்னிய செய்தி அவர்கள் கேட்டு வளர்ந்தது. அந்த அறிவிப்பின் பலம் குறித்து ஹதீஸ்கலை அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டாயினும், எம் சமூகத்தின் கற்பனையில் சிலந்திக்கு ஒரு மரியாதை இருக்கிறது. உள்ளே போன மாமி மூன்றாம் நாள் கதவோரம் வந்து நின்று, "அந்த எட்டுக்கால் பூச்சிக்கு என்ன நடந்த?" என்று கேட்டார்.

நடந்தது மரணம். 514 முட்டைகளை இட்டுவிட்டு, சந்தை கலைந்துபோன மைதானத்தில் சார்லொட் தனியே இறந்துபோகிறாள். வைற் அந்த இடத்தை மூடிமறைக்கவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. முட்டைப் பையை வில்பர் தன் வாயில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவருகிறான். இந்த நூலுக்கு முன்னர், 1948இல், தன் பண்ணையில் நோயுற்ற ஒரு பன்றியைக் காப்பாற்ற முடியாமற் போனதைப் பற்றி வைற் கட்டுரை எழுதியிருந்தார். உண்மையில் பிழைக்காத உயிரைக் கதையில் பிழைக்கவைத்தார், ஆனால் அதற்கு விலையாக இன்னோர் உயிரை வைத்தார். அந்தப் பக்கத்தில் என் குரல் அடைத்துக்கொண்டது. அவ்வருடம்தான் எங்கள் குடும்பத்தில் ஒரு மௌத்து நடந்திருந்தது. அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தையும் பேசாதிருந்த மகள் அன்றிரவு பேசினாள்.

குறையே இல்லாத நூலல்ல. "பேர் எடுத்த பன்றி தப்பிட்டு, மற்றதெல்லாம்?" என்று மகன் கேட்டதற்கு நூலில் பதில் இல்லை. ஆனால் அக்கேள்வியைக் கேட்கவைத்ததும் அந்நூல்தான்.

விருதுகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அமெரிக்காவில் 1922 முதல் வழங்கப்படும் நியூபெரி பதக்கம் 1953இல் ஆன் நோலன் கிளார்க்கின் 'சீக்ரெட் ஒஃப் த அண்டிஸ்' நூலுக்குக் கிடைத்தது. 'சார்லொட்டின் வலை'க்குக் கிடைத்தது கௌரவ இடம் மட்டுமே. இன்று உலகெங்கும் பிள்ளைகள் தேடி வாசிப்பது இரண்டாவதைத்தான். நடுவர்கள் தவறலாம். உரத்து வாசிக்கும் வீடு அவ்வளவு இலகுவில் தவறாது.

நான் நன்னெறிக்கு எதிரானவன் அல்லன். ஒழுக்கம் கற்பிக்க மத்ரஸா இருக்கிறது, வீடு இருக்கிறது. கதையின் வேலை வேறு. எம்மவர் எழுதும் சிறுவர் கதைகள் பெரும்பாலானவற்றின் வாலில் ஒரு படிப்பினை தொங்குகிறது. அதைப் பார்த்ததும் பிள்ளை புத்தகத்தை மூடிவிடுகிறது. பிறகு, பிள்ளைகள் வாசிப்பதில்லை என்று நாங்களே மேடையில் கவலைப்படுகிறோம். எழுதுபவர்களும் பதிப்பிப்பவர்களும் புள்ளியிடுபவர்களும் ஒரு கதையை முதலில் தங்கள் வீட்டு விறாந்தையில் உரத்து வாசித்துப் பார்க்கட்டும். அதன்பிறகு பேனாவை எடுக்கட்டும்.

அந்த நாய்க்குட்டிக் கதை இலக்கமிட்டு வந்ததால் எழுதியவரின் பெயர் எனக்குத் தெரியாது. அவர் இந்தப் பக்கத்தைக் காண நேர்ந்தால், பிரதி இன்னும் கையில் இருக்குமானால், இச்சஞ்சிகைக்கு அனுப்பிவைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அந்தச் சிரட்டையைப் பற்றி என் மகளுக்குச் சொல்லியிருக்கிறேன். மீதிக் கதையை அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.