ஒரே பாட்டில் முதலாளி

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்பத்தூரில் நண்பர் வீட்டில் சாப்பாடு. வத்தக்குழம்பின் மயக்கத்தில் சோபாவில் சாய்ந்தபோது டி.வி.யில் 'அண்ணாமலை' ஓடிக்கொண்டிருந்தது. 1992-ல் வந்த படம். எத்தனையாவது தடவை பார்க்கிறேன் என்று கணக்கில்லை. பால்காரர் ரஜினி, சிநேகிதனிடம் சவால் விட்டுவிட்டு, ஒரு பாட்டு முடிவதற்குள் கோட்டு சூட்டு போட்ட முதலாளி ஆகிவிடுகிறார்.

நண்பருக்கு எஸ்டேட்டில் ஒரு சின்னப் பட்டறை. மூன்று லேத், ஒரு மில்லிங் மெஷின், ஆறு பையன்கள். பெரிய கம்பெனிகளுக்குப் பார்ட்ஸ் கடைந்து கொடுக்கிறார். பாட்டு முடிந்ததும் சாவகாசமாகக் கேட்டார்: "இவ்வளவு நேரத்துல ஒரு ஷாட்லயாவது மனுஷன் பேமென்ட் கேட்டு யாருக்காவது போன் பண்ணினாரா சார்?"

பண்ணவில்லை.

நான் சினிமாவில் லாஜிக் தேடுகிற ஆசாமி இல்லை. பத்து வருஷத்தை ஒரு பாட்டில் தாண்டுவது நம் ஆட்கள் கண்டுபிடித்த சுருக்கெழுத்து. 1961-ல் 'பாசமல'ரில் வேலை போன சிவாஜி, தங்கை சேர்த்து வைத்த பணத்தில் பொம்மை செய்து விற்று, கொஞ்ச நேரத்தில் பெரிய தொழிலதிபர் ஆகவில்லையா? 1997-ல் 'சூர்யவம்ச'த்தில் சரத்குமார் பஸ் முதலாளி ஆக ஒரு பாட்டுதான் தேவைப்பட்டது. ஜனங்கள் கைதட்டினார்கள். நானும்தான் தட்டினேன்.

சுருக்குவதில் தப்பில்லை. எதை வெட்டுகிறார்கள் என்பதுதான் கேள்வி. உழைப்பை வெட்டவில்லை, வியர்வை குளோசப்பில் வரும். கட்டடம் எழும்பும், ரிப்பன் வெட்டுவார்கள், நோட்டு எண்ணுவார்கள். சரக்கு போன நாளுக்கும் காசு வந்த நாளுக்கும் நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறதே, அது மட்டும் இருக்காது. தொழில் என்பதே அந்தப் பள்ளம்தான் என்கிறார் நண்பர்.

கணக்கையும் சொன்னார். ஒரு லட்சத்துக்கு ஜாப் முடித்து பில் போடுகிறார். பதினெட்டு சதவிகிதம் ஜி.எஸ்.டி. என்றால் 18,000 ரூபாய். வாங்கின சரக்குக்குக் கட்டின வரியைக் கழித்துக்கொண்டு மீதியை அடுத்த மாசமே சர்க்காருக்குக் கட்டியாக வேண்டும். பில் போட்டாச்சு அல்லவா? வாங்கினவர் காசு கொடுத்தாரா என்று சர்க்கார் கேட்காது. அவர் தொண்ணூறாம் நாள் கொடுப்பார், நூற்றிருபதாம் நாளும் கொடுப்பார். அதற்குள் மூன்று, நான்கு தடவை சம்பளத் தேதி வந்துவிட்டுப் போயிருக்கும். கரன்ட் பில் தனி. (2022 செப்டம்பரில் தமிழ்நாட்டில் மின்கட்டணம் ஏறியபோது நிரந்தரக் கட்டணமும் ஏறி, ஒரு வருஷம் கழித்து, 2023 செப்டம்பரில் சிறுதொழில்காரர்கள் ஒருநாள் பட்டறைகளை மூடிப் போராடினார்கள். அதையும் எந்தப் படத்திலும் பார்த்த ஞாபகம் இல்லை.)

"சட்டம் இல்லையா?" என்றேன், பேப்பர் படிக்கிறவன் என்கிற தைரியத்தில்.

இருக்கிறது. அதுதான் வேடிக்கை. 2006-ம் வருஷத்துச் சட்டப்படி குறு, சிறு தொழில்காரரிடம் சரக்கு வாங்கினால், என்ன ஒப்பந்தம் போட்டிருந்தாலும் 45 நாளுக்குள் பணம் கொடுத்துவிட வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாசாமாசம் கூட்டு வட்டி. மீட்டர் வட்டிக்காரரே கொஞ்சம் மரியாதையோடு பார்க்கிற ஷரத்து. முறையிட மாநிலத்தில் கவுன்சில் உண்டு. நண்பர் ஏன் போகவில்லை?

"போனா பணம் வரும் சார். அடுத்த ஆர்டர் வராது."

2023-ல் வருமான வரிச் சட்டத்தில் இன்னொரு பிடி போட்டார்கள். கெடுவுக்குள் சிறு தொழில்காரருக்குப் பணம் தராவிட்டால், அந்தச் செலவை அந்த வருஷக் கணக்கில் கழித்துக் காட்ட முடியாது. கொடுக்கிற வருஷத்தில்தான் கழிக்கலாம். நல்ல யோசனை. தொழில் வட்டாரத்தில் பெரிய பேச்சானது. விளைவு? சில இடங்களில் மார்ச் மாசம் காசு சரசரவென்று வந்தது. சில இடங்களில், "உங்க உத்யம் ரிஜிஸ்ட்ரேஷனை கேன்சல் பண்ணிடுங்களேன், ரெண்டு பேருக்கும் தொல்லையில்ல" என்று நட்போடு கேட்டார்களாம். வியாபாரிகளுக்கு இந்தச் சலுகை கிடையாது. செய்கிறவருக்குத்தான், வாங்கி விற்கிறவருக்கு இல்லை.

சினிமாவுக்கு வருகிறேன். நம் படங்களில் தொழிலுக்கு வில்லன் எப்போதும் ஒருத்தன் இருப்பான். துரோகி நண்பன், கந்துவட்டிக்காரன், பொறாமைக்காரப் பங்காளி. ஓங்கி ஒரு அறை விட்டால் கதை முடிந்தது. நண்பரின் வில்லன் யார் என்று கேட்டேன். அக்கவுன்ட்ஸ் செக்‌ஷனில் இருக்கிற ஒரு பெண்மணி. ரொம்ப மரியாதையானவர். "சார் டூர்ல இருக்கார், திங்கட்கிழமை கூப்பிடுங்க சார்" என்பார். திங்கட்கிழமை "சிஸ்டம் டவுன்". அந்தம்மா மேல் கோபப்படக்கூட முடியாது. அவரும் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறவர்தான். இவரை எப்படி அறைவது? இவரோடு எப்படி கிளைமாக்ஸ் சண்டை போடுவது? டைரக்டர்கள் தவிர்ப்பது புரிகிறது.

புரிந்தாலும் மன்னிக்க முடியவில்லை. ஏனென்றால் ஒரு தடவை கிட்டத்தட்ட தொட்டுவிட்டார்கள். சேரனின் 'தவமாய் தவமிருந்து', 2005. ராஜ்கிரண் அதில் சின்ன அச்சகம் வைத்திருப்பவர். மெஷின் இருக்கிறது, மை இருக்கிறது, பண்டிகைக்கு முன்னால் கையில் காசில்லாத அப்பாவின் முகம் இருக்கிறது. ஆர்டர் வந்தால்தான் பிள்ளைகளுக்குத் துணி. தமிழில் சிறுதொழில்காரர் ஒருவர் வேலை செய்கிறபடியே தெரிந்த அபூர்வமான படம். ஆனால் சேரனுக்கு அப்பா முக்கியம், அச்சகம் அப்பாவின் தியாகத்தைக் காட்ட ஒரு இடம். படம் பிள்ளைகளின் காதல், குற்ற உணர்ச்சி என்று போய்விடுகிறது. பட்டறைக்காரர் தியாகி ஆனதும் நாம் அழுதுவிட்டு எழுந்து வந்துவிடுகிறோம். தியாகியிடம் யாரும் கணக்கு நோட்டைக் கேட்பதில்லை.

எதிர்ப்பக்கத்தை 2010-ல் வசந்தபாலன் காட்டினார். 'அங்காடித் தெரு'வில் ரங்கநாதன் தெரு ஜவுளிக்கடைப் பையன்களும் பெண்களும் நிற்கிற நிற்பைப் பார்த்தபின் கொஞ்ச நாளைக்குப் புதுச்சட்டை எடுக்கக் கூச்சமாக இருந்தது. முக்கியமான படம். அங்கே முதலாளி என்றால் ராட்சசன். பெரிய கடைக்கு அது பொருந்தலாம். ஆறு பேரை வைத்துக்கொண்டு சனிக்கிழமை சாயங்காலத்தைப் பயத்தோடு எதிர்பார்க்கிறவர், பாதி முதலாளி பாதி தொழிலாளி, அவருக்கு அந்த உலகத்திலும் நாற்காலி இல்லை. 2025-ல் 'குடும்பஸ்தன்' வந்தபோது கடன்மேல் கடன் வாங்கும் கதாநாயகனைப் பார்த்துத் தியேட்டரே சிரித்தது. நண்பரும் சிரித்திருக்கிறார். "நம்ம கதைதான் சார். ஆனா நமக்கு பேக்ரவுண்ட் மியூசிக் கிடையாது."

கடைக்காரர்களுக்காவது ஒரு காட்சி அமைந்தது, சினிமாவில் இல்லை, நிஜத்தில். 2025 ஜூலையில் பெங்களூரில் யு.பி.ஐ. வரவை வைத்து வணிகவரித் துறை நோட்டீஸ் அனுப்ப, பேக்கரி, டீக்கடைகளில் க்யூ.ஆர். அட்டையைக் கழற்றிவிட்டு 'கேஷ் மட்டும்' என்று எழுதி ஒட்டினார்கள். டீக்கடைக்காரர் ஒருவர் அட்டையைக் கழற்றுகிற அந்த ஒரு ஷாட் போதும், நல்ல டைரக்டருக்கு.

இதையெல்லாம் பேசி, நண்பரை நானும் தியாகி ஆக்கிக்கொண்டிருந்த சமயத்தில், "பையன்களுக்கு பி.எஃப்., இ.எஸ்.ஐ.?" என்று ஒரு கேள்வி போட்டேன். கொஞ்சம் நெளிந்தார். பத்துப் பேர் இருந்தால் இ.எஸ்.ஐ., இருபது பேர் இருந்தால் பி.எஃப். அவரிடம் ஆறு பேர்தான். "அதனாலதான் ஏழாவது ஆளைப் போடத் தயங்கறீங்களோ?" என்றதற்கு, "ஏழு பேருக்கு வேலை எங்க சார் இருக்கு?" என்றார். முழுப் பதிலா என்று தெரியவில்லை.

அப்போது அவர் செல்போன் அடித்தது. பார்த்தார். எடுக்காமல் சைலன்ட்டில் போட்டு டீப்பாய் மேல் கவிழ்த்து வைத்தார்.

"ஹீட் ட்ரீட்மென்ட்காரர். மூணு மாச பாக்கி. இருபத்திரெண்டாயிரம்."

நான் ஒன்றும் சொல்லவில்லை. டி.வி.யில் விளம்பரம் முடிந்து படம் மறுபடி வந்திருந்தது. ஐந்து நிமிஷம் கழித்து அவரே போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனார். கதவைச் சாத்திக்கொண்டதால் முழுசாகக் கேட்கவில்லை. திங்கட்கிழமை என்ற வார்த்தை மட்டும் கேட்டது.