தண்ணீர் சுமக்கும் சூடு

கட்டம் போட்ட தாளில் ஒரு செவ்வகம் வரைந்தேன். அது கணினிப் பெட்டி. மேலே ஒரு ரேடியேட்டர், முன்னால் இன்னொன்று, நடுவில் மதர்போர்டு. பென்சிலால் குழாய்களை இழுத்துக்கொண்டே வந்தால் நாலாவது வளைவு நேராகப் போய் கிராஃபிக்ஸ் கார்டின் முதுகில் முட்டுகிறது. அழித்துவிட்டு மறுபடி வரைந்தேன். இப்படியே மூன்று மாலைகள் போயின. வீடியோ தொகுப்பு வேலைக்காக வாங்கிய இயந்திரம் அது. ரைசன் 9 7950எக்ஸ் ப்ராசஸர், ஆர்.டி.எக்ஸ். 4090 கார்டு. முழு வேகத்தில் ஓடினால் முன்னது 230 வாட், பின்னது 450 வாட். ஆக 680 வாட். சின்ன இஸ்திரிப் பெட்டி ஒன்றை மேசைக்குக் கீழே நாள் முழுக்கச் சூடாக வைத்திருப்பதற்குச் சமம்.

கடையில் போய் வாட்டர் கூலிங் என்று கேட்டால் பெரும்பாலும் ஏ.ஐ.ஓ. எனப்படும் மூடிய தொகுப்பைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். தொழிற்சாலையிலேயே தண்ணீர் நிரப்பி, சீல் வைத்து வருவது. கஸ்டம் லூப் வேறு சங்கதி. வாட்டர் பிளாக், ரேடியேட்டர், பம்ப், ரிசர்வாயர், குழாய், ஃபிட்டிங், கூலன்ட் என்று ஒவ்வொன்றையும் நாமே தேர்ந்தெடுத்து, நாமே பூட்டி, நாமே நிரப்பி, கசிந்தால் நாமே துடைக்க வேண்டும். இதைப் புகழ்கிறவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே பணத்தைக் கொட்டியவர்கள். இகழ்கிறவர்களில் பலர் ஒரு ஃபிட்டிங்கைக்கூடக் கையால் திருகிப் பார்க்காதவர்கள். பணம் இன்னும் பையில் இருக்கும்போது, திட்டம் தாளில் இருக்கும்போது எடைபோடுவதுதான் உத்தமம்.

கணினிக்குள் தண்ணீர் ஓடுவது புதுமையல்ல. 1980களின் தொடக்கத்தில் வந்த ஐ.பி.எம். 3081 பெருங்கணினி தண்ணீர் இல்லாமல் இயங்காது. வீட்டுக் கணினிக்காரர்கள் 2000 வாக்கில் இறங்கியபோது இதற்கென்று கடைச்சரக்கு அதிகம் இல்லை. மீன்தொட்டி பம்பையும் பழைய காரின் ஹீட்டர் கோரையும் சேர்த்துக் கட்டினார்கள். அமெரிக்க ஆர்வலர்களிடையே 1977 போன்டியாக் போனவில் காரின் ஹீட்டர் கோருக்குத் தனி மவுசு இருந்தது. 2004இல் ஆப்பிள் தன் பவர் மேக் ஜி5 வரிசையின் உச்ச மாடலைத் தண்ணீர்க் குளிரூட்டலோடு விற்றது. சில ஆண்டுகள் கழித்து அவற்றில் கசிந்தவையும் உண்டு. இன்றைக்கு நிலைமை வேறு. ஜி 1/4 மரை பொதுவாகிவிட்டதால் ஒரு நிறுவனத்தின் ஃபிட்டிங் இன்னொரு நிறுவனத்தின் பிளாக்கில் உட்காருகிறது. டி5 பம்ப் ஆண்டுக்கணக்கில் சத்தமில்லாமல் ஓடுகிறது. பொருள்களின் தரத்தைக் குறை சொல்ல அதிகம் இல்லை. பிசகு பெரும்பாலும் திட்டத்தில்தான் நேர்கிறது.

ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு டிகிரி சூடேற ஏறக்குறைய 4,180 ஜூல் வேண்டும். அதே கன அளவு காற்றோடு ஒப்பிட்டால் சுமார் 3,500 மடங்கு. ஆகவே சூட்டை ஓரிடத்திலிருந்து வாரிக்கொண்டு போக இதைவிட மலிவான கூலியாள் கிடைக்காது. ஆனால் வாரியதை இறக்கிவைக்க ஓர் இடம் வேண்டுமே. அந்த இடம் ரேடியேட்டர். அங்கேயும் விசிறி, அங்கேயும் அறைக் காற்று. கடைசியில் சூட்டை வாங்கிக்கொள்வது காற்றுதான். சூடு வெளியேறும் வாசலை ஒரு சிறு சில்லின் தலையிலிருந்து விலக்கி, அகலமான இடத்தில் வைத்துக்கொள்ளலாம் என்பதே தண்ணீர் தரும் சலுகை. 120 மி.மீ. விசிறிக்கு ஒரு 100 வாட் என்பது பலரும் கையாளும் தோராயக் கணக்கு. அதன்படி என் 680 வாட்டுக்கு ஏழு விசிறி இடம். ஒரு 360, ஒரு 480 ரேடியேட்டர். என் பெட்டியில் 480 நுழையாது என்று தெரிந்தது இரண்டாவது மாலையில்.

இந்த இடத்தில் ஒரு பழைய வாதத்தை முடித்துவிடலாம். ப்ராசஸருக்கு அடுத்து ஒரு ரேடியேட்டர், கார்டுக்கு அடுத்து இன்னொன்று என்று வரிசைப்படுத்தினால்தான் குளிர்ந்த நீர் இரண்டுக்கும் கிடைக்கும் என்று பலர் குழாயைச் சுற்றிச் சுற்றி இழுக்கிறார்கள். நிமிடத்துக்கு நாலு லிட்டர் ஓடினால், 450 வாட் கார்டைக் கடந்துவரும் நீரின் சூடு ஏறுவது ஒன்றரை டிகிரியைச் சற்றுத் தாண்டும், அவ்வளவே. முழுச் சுற்றிலும் எந்த இடத்தில் தொட்டாலும் நீர் ஏறக்குறைய ஒரே சூடுதான். வரிசையில் உண்மையில் முக்கியமானது ஒன்றே ஒன்று: ரிசர்வாயர் பம்புக்கு முன்னால், அதற்கு மேலே இருக்க வேண்டும். பம்ப் வறண்டு ஓடினால் கெட்டுப்போகும். மற்றபடி குழாய் நீளம் குறைவாகவும் நேராகவும் போகிற வழியே நல்ல வழி. இதை முதலிலேயே ஒத்துக்கொண்டிருந்தால் எனக்கு ஒரு மாலை மிஞ்சியிருக்கும்.

அடுத்து, யாருக்கு இந்தத் தண்ணீர் தேவை? பொதுவாக மனசு போவது ப்ராசஸரிடம். அதன் வெப்பநிலைதான் திரையின் ஓரத்தில் மிரட்டிக்கொண்டே இருக்கிறது. ஆனால் 7950எக்ஸின் கோர்கள் இருப்பது தலா 70 சதுர மி.மீ. பரப்பளவுள்ள இரண்டு சிறு சில்லுகளில். நகக்கண் அளவு இடத்தில் நூறு வாட். அந்தச் சூடு முதலில் சில்லைக் கடக்க வேண்டும். பிறகு தடித்த உலோக மூடியை, பிறகு பேஸ்டை. நெரிசல் முழுவதும் அங்கே. அதற்கு அப்பால் எவ்வளவு தண்ணீர் ஓடினாலும் வாசலில் நிற்கும் கூட்டம் சட்டென்று கலையாது. 2022இல் இந்தச் சில்லு வந்தபோதே, முழுச் சுமையில் 95 டிகிரியில் ஓடுவது இதன் இயல்பு என்று ஏ.எம்.டி. சொல்லிவிட்டது. பெரிய காற்று டவர் ஒன்றை வைத்தால் 95. விலையுயர்ந்த லூப் வைத்தாலும் பல வேளைகளில் அதே 95, கொஞ்சம் கூடுதல் வேகத்தோடு. 2014 முதல் சந்தையில் இருக்கும் நாக்டுவா என்.எச்.-டி15 போன்ற டவரில் விசிறியைத் தவிர அசையும் பாகமே கிடையாது. விசிறி கெட்டால் மாற்றிக்கொள்ளலாம். கசிய அதில் ஏதுமில்லை.

கிராஃபிக்ஸ் கார்டின் கதை நேர்மாறு. 4090இன் சில்லு 608 சதுர மி.மீ. மேலே உலோக மூடி கிடையாது, பிளாக் நேராகச் சில்லின் மேல் உட்காருகிறது. வாட் இரண்டு மடங்கு, பரப்பு பல மடங்கு. தண்ணீரின் திறமை முழுதாக வெளிப்படுவது இங்கேதான். மூன்றரை, நாலு ஸ்லாட் அகலத்துக்குச் செங்கல் போல வந்த கார்டு, பிளாக் மாட்டினால் ஒல்லியாகிவிடுகிறது; வெப்பநிலை கண்ணுக்குத் தெரியும்படி இறங்குகிறது; மூன்று சிறு விசிறிகளின் இரைச்சல் போய்விடுகிறது. ப்ராசஸரை மட்டும் லூப்பில் இணைத்து, கார்டைக் காற்றில் விட்டுவைக்கும் திட்டங்களைப் பார்க்கும்போது, காய்ச்சல் ஒருவருக்கு, மருந்து இன்னொருவருக்கு என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் இதே கார்டிடம்தான் இந்தப் பழக்கத்தின் பெரிய ஓட்டையும் இருக்கிறது. ப்ராசஸர் பிளாக்கை அடுத்த தலைமுறைக்கும் பிடிமானத்தை மட்டும் மாற்றிப் பயன்படுத்தலாம். கார்டு பிளாக் அந்த ஒரு சர்க்யூட் பலகைக்காக அளவெடுத்துத் தைத்த சட்டை. அதே 4090 ஆனாலும் வேறு நிறுவனத்தின் பலகைக்குப் பொருந்தாமல் போகலாம். கார்டை விற்கும்போது பழைய ஹீட்சிங்கைத் தேடி எடுத்து மாட்ட வேண்டும். கழற்றியதால் வாரண்டி என்னவாகும் என்பதையும் முன்கூட்டியே படித்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஃபிட்டிங்குகளின் கணக்கோ தனி. குழாயின் ஒவ்வொரு முனைக்கும் ஒன்று, வளைவுக்கு ஒன்று, வடிகாலுக்கு ஒன்று என்று கூட்டினால் சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

சென்னையில் இருப்பவனுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. லூப் எவ்வளவு பெரிதானாலும் நீரின் சூடு அறைச் சூட்டுக்குக் கீழே இறங்காது. நல்ல திட்டத்தில் நீர் அறையைவிடப் பத்து டிகிரி கூடுதலாக நிற்கும். ஐரோப்பிய விமர்சகரின் 21 டிகிரி அறையில் அது 31. மே மாதம், ஏ.சி. போடாத என் அறையில் 34 என்றால் நீர் 44. இதில் பதறவும் வேண்டியதில்லை. மியூனிக் அருகே லைப்னிட்ஸ் கணினி மையத்தில் 2012இல் நிறுவிய சூப்பர்மக் எந்திரத்தையே வெதுவெதுப்பான நீரால்தான் குளிர்வித்தார்கள். வெளியேறிய சூட்டைக் கட்டடத்துக்குக் கணப்பாகவும் பயன்படுத்தினார்கள். சில்லுக்கு 44 டிகிரி ஒரு பொருட்டல்ல. பிரச்சினை மற்ற பாகங்களுக்கு. டி5 பம்புக்கு 60 டிகிரி வரம்பு. பெட்ஜி வகைக் கெட்டிக் குழாய் 60ஐ ஒட்டியே இளகத் தொடங்கி, ஃபிட்டிங்கின் பிடி தளரும். குளிர்நாட்டுக்காரருக்கு இருக்கும் இடைவெளி நமக்கு இல்லை. ஆகவே நம் ஊருக்கு ஒரு ரேடியேட்டர் கூடுதல், அல்லது அழகு குறைந்தாலும் ரப்பர் போன்ற ஈ.பி.டி.எம். குழாய். ஈரப்பதத்தால் குழாய் வியர்த்துச் சொட்டும் என்று பயப்படுகிறவர்கள் மட்டும் நிம்மதியாக இருக்கலாம். அறையைவிடச் சூடான குழாய் வியர்க்காது.

அறை குளிரும் என்று நம்பி லூப் கட்டுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். 680 வாட் காற்றால் வந்தாலும் தண்ணீரால் வந்தாலும் அறைக்குள் இறங்குவது அதே 680 வாட். ஒரு டன் ஏ.சி. என்பது சுமார் 3,500 வாட். அதில் ஐந்தில் ஒரு பங்கைக் கணினி விழுங்கிவிடும்.

அமைதிதான் இந்தப் பழக்கத்தின் உண்மையான வரம். லூப்பில் ஒரு லிட்டர் நீர் இருந்தால், கார்டு முழு வேகத்தில் பாய்ந்தாலும் நீர் மூன்று டிகிரி ஏற அரை நிமிடம் ஆகும். விசிறிகளைச் சில்லின் சூட்டோடு கட்டாமல் நீரின் சூட்டோடு கட்டிவிட்டால், அவை திடுக்கென்று அலறுவதே இல்லை. மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும். ஒலிப்பதிவு அறையில் வேலை செய்கிறவருக்கு இதன் அருமை தெரியும். எனக்கு? தலைக்கு மேலே சீலிங் ஃபேன் கடகடவென்று ஓடிக்கொண்டிருக்கிறது. ஆயிரக்கணக்கில் செலவழித்து வாங்கும் அமைதியை யார் கேட்கப்போகிறார்கள் என்று என் மனைவி கேட்டாள். பதில் இல்லை.

பராமரிப்புக்கு வருவோம், கனவு கலைவது இங்கேதான். தாமிர பிளாக்கோடு அலுமினிய ரேடியேட்டரைச் சேர்த்தால் நீர் நடுவில் நின்று மின்வேதி அரிப்பை நடத்திவைக்கும். மலிவாகக் கிடைக்கும் ரேடியேட்டர்களில் அலுமினியம் அதிகம் என்பதால் உலோகத்தைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும். ஏ.ஐ.ஓ.க்களிலும் இதே கலப்பு இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, அரிப்புத் தடுப்பான் கலந்து, சீல் வைத்து. புது ரேடியேட்டருக்குள் பற்றவைப்பின் கசடு இருக்கும், கழுவாமல் மாட்டக்கூடாது. குழாய்த் தண்ணீர் உதவாது. இன்வர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் தாது நீக்கிய நீரைக் கழுவப் பயன்படுத்தலாம்; நிரப்ப வேண்டுமானால் பாசி பிடிக்காமலும் அரிக்காமலும் காக்கும் மருந்து சேர்த்தாக வேண்டும். சுத்த நீர் மின்சாரம் கடத்தாது என்ற ஆறுதலும் வேண்டாம். சில வாரங்கள் உலோகத்தைத் தொட்டு ஓடிய நீர் சுத்த நீர் அல்ல. படங்களில் மயக்கும் பால்நிறக் கூலன்ட்டுகளில் மிதப்பவை நுண்துகள்கள். பிளாக்கின் தாமிரச் செதில்களுக்கு நடுவே உள்ள இடுக்குகளில் அவை படிந்து அடைத்துவிடும். ஒளிப்படத்துக்கு ஒரு வாரம் ஊற்றலாம். குடித்தனம் நடத்த ஆகாது.

ஆண்டுக்கு ஒருமுறை நீரை வடித்து மாற்ற வேண்டும். நான் பார்த்த பெரும்பாலான அழகிய திட்டங்களில் வடிகால் வால்வே கிடையாது. என் முதல் இரண்டு வரைபடங்களிலும் இல்லை. அப்படிப்பட்ட பெட்டியில் ஒரு எஸ்.எஸ்.டி.யை மாற்றக்கூட முழுக் கணினியையும் சாய்த்து, துணியும் கையுமாக நிற்க வேண்டும். நிரப்பும் நாளைப் பற்றியே எல்லாரும் யோசிக்கிறோம், வடிக்கும் நாளைப் பற்றி யோசிப்பதில்லை.

இவ்வளவுக்கும் முன்னால் செலவில்லாத ஒரு வழி இருக்கிறது. ப்ராசஸரில் ஈகோ மோடு, கார்டில் மின்வரம்பை 70 சதவீதமாகக் குறைப்பது. இரண்டும் மென்பொருளில் சில சொடுக்குகள். கார்டு 450இலிருந்து 315 வாட்டுக்கு இறங்கும். வேகத்தில் பறிபோவது மிகக் கொஞ்சம். உச்சியின் கடைசிச் சில சதவீதத்துக்காகத்தான் தயாரிப்பாளர்கள் இவ்வளவு வாட்டை ஊற்றுகிறார்கள். அந்தச் சில சதவீதத்தின் சூட்டைச் சுமக்கத்தான் நாம் ரேடியேட்டர் தேடி அலைகிறோம்.

மின்வரம்பைக் குறைத்து ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள். அதற்குப் பிறகும் இரைச்சல் தொந்தரவு தந்தால், கார்டை இரண்டு மூன்று ஆண்டாவது மாற்றப்போவதில்லை என்றால், ஆண்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பெட்டியைத் திறக்க ஒதுக்க முடியும் என்றால் லூப் கட்டலாம். கட்டும் சுகத்துக்காகவே கட்டுகிறவரிடம் எனக்கு வழக்கு இல்லை. கூண்டு செய்கிறவரிடம் பறவை எங்கே என்று கேட்பதில்லை. தாளில் இப்போது மிஞ்சியிருக்கும் என் திட்டம் இதுதான்: ப்ராசஸருக்குக் காற்று டவர். கார்டுக்கு மட்டும் பிளாக். ஒரு 360 ரேடியேட்டர், கறுப்பு ரப்பர் குழாய், நிறமில்லாக் கூலன்ட், பெட்டியின் ஆகத் தாழ்ந்த இடத்தில் ஒரு வடிகால் வால்வு. மின்வரம்பு 70 சதவீதத்தில் ஓடத் தொடங்கி ஆறு வாரமாகிறது. பொருள்களை இன்னும் வாங்கவில்லை.