நிறைகுடமும் ஓசையில்லா வேகமும்

திருவண்ணாமலையில் இரமணாசிரமத்துக்கு எதிரே, செங்கம் சாலையோரம் சற்று நேரம் நின்று பாருங்கள். பச்சை எண்பலகை தாங்கிய மின்கார்கள் ஓசையின்றி வந்து நிற்கும், ஓசையின்றியே புறப்படும். அவற்றில் எது சாது, எது பாய்ச்சல்காரன் என்று பார்வையால் சொல்ல உங்களால் முடியுமா? என்னால் முடியவில்லை.

அண்மையில் மாணவர் ஒருவர் பி.ஒய்.டி. சீல் என்ற காரின் விளக்கத்தாளை நீட்டி, "சார், படத்தில் ரெண்டும் ஒரே கார்தானே? ஏழரை லட்சம் எதற்குக் கூடுதல்?" என்று கேட்டார். நல்ல கேள்வி. அந்தத் தாளையே இங்கு விமர்சனத்துக்கு எடுத்துக்கொள்வோம்.

2024 மார்ச்சில் இக்கார் இந்தியாவில் விற்பனைக்கு வந்தபோது 'பிரீமியம்' வகையின் விலை 45.55 லட்சம், 'பெர்ஃபார்மன்ஸ்' வகையின் விலை 53 லட்சம். இரண்டிலும் மின்கலத் தொகுதி ஒன்றே: 82.56 கிலோவாட்-மணி. முன்னதில் பின் அச்சில் மட்டும் 230 கிலோவாட் மோட்டார். பின்னதில் முன் அச்சிலும் 160 கிலோவாட் மோட்டார் ஒன்று சேர, மொத்தம் 390. வெளியே தெரியும் முக்கிய அடையாளம், பின்புறம் உள்ள '3.8 எஸ்' என்ற சிறு எழுத்து. நின்ற நிலையிலிருந்து மணிக்கு 100 கி.மீ. வேகத்தை எட்டும் வினாடிகள் அவை. பிரீமியத்துக்கு 5.9 வினாடி.

இனி கணக்கைப் பார்ப்போம். சுமார் 2 டன் எடையுள்ள கார் 100 கி.மீ. வேகத்தில் பெற்றிருக்கும் இயக்க ஆற்றல் ஏறக்குறைய 770 கிலோஜூல். நம் வீட்டு மின்மானியில் இது கால் யூனிட்கூட இல்லை! இரு கார்களும் பெறும் ஆற்றல் ஒன்றே; பெறும் நேரம்தான் வேறு. 5.9 வினாடியில் பெறச் சராசரி 130 கிலோவாட் திறன் வேண்டும், 3.8 வினாடியில் பெற 200 கிலோவாட் வேண்டும். ஆக, அந்த ஏழரை லட்சத்தில் பெரும்பங்கு இரண்டு வினாடிக்கான விலை.

இன்னொரு விலையும் உண்டு. ஒரே மின்கலத்தில் பிரீமியம் 650 கி.மீ. ஓடும் என்கிறது தாள். பெர்ஃபார்மன்ஸ் 580 கி.மீ. கிலோமீட்டருக்குச் சுமார் 12 விழுக்காடு கூடுதல் மின்செலவு. இரு எண்களும் தாளில் உள்ளன. ஆனால் ஒன்றுக்காக மற்றொன்றை இழக்கிறோம் என்பதைத் தாள் சொல்வதில்லை.

நம் ஸ்ரீபெரும்புதூர்ப் பகுதியில் உருவாகும் ஹூண்டாய் கிரெட்டா எலெக்ட்ரிக் இன்னும் அடக்கமானது. 2025 ஜனவரியில் இரு மின்கலங்களுடன் வந்தது. 42 கிலோவாட்-மணி உள்ளதற்கு 99 கிலோவாட் மோட்டார், 51.4 உள்ளதற்கு 126. வகுத்துப் பாருங்கள்: இரண்டிலும் ஈவு ஏறத்தாழ 2.4. மின்கலம் பெரிதானால் அது ஒரே நேரத்தில் தரக்கூடிய திறனும் பெரிதாகும் என்ற பொதுவிதிக்கு இது பொருந்துகிறது. ஆனால் பெரியதன் பெயர் 'லாங் ரேஞ்ச்'. தொலைவைச் சொல்லும் அப்பெயர், கால் பங்குக்கு மேல் கூடிய திறனைச் சொல்லவில்லை. தொலைவுக்காக வாங்குபவர் வேகத்தையும் கேளாமலே பெறுகிறார்.

மென்பொருளே வேகத்தை விற்பதும் உண்டு. 2019 இறுதியில் டெஸ்லா நிறுவனம் தன் மாடல் 3 வகை ஒன்றுக்கு 2,000 டாலர் வாங்கிக்கொண்டு, எந்த உறுப்பையும் மாற்றாமலே மணிக்கு 60 மைல் எட்டும் நேரத்தை 4.4-லிருந்து 3.9 வினாடியாகக் குறைத்தது. அங்கே வெளி அடையாளத்துக்கும் வழியில்லை.

'நிறைகுடம் தளும்பாது' என்று இதைப் பாராட்டலாமே என்பீர்கள். பகட்டில்லாத தோற்றத்தை நானும் பாராட்டுகிறேன். ஆனால் ஆசிரம வாயிலுக்கு மீண்டும் வாருங்கள். 14 கி.மீ. கிரிவலப் பாதை இவ்வழியேதான் செல்கிறது. வெறுங்காலுடன், மலையை நோக்கிய கண்களுடன் மக்கள் நடக்கிறார்கள். முடுக்கம் சீரானது எனக் கொண்டால், மிதியை முழுதும் அழுத்திய ஒரே வினாடியில் பிரீமியம் 17 கி.மீ. வேகம் பெறும், மற்றது 26 கி.மீ. வேகம் பெற்று மூன்றரை மீட்டருக்கு மேல் பாய்ந்திருக்கும். ஐரோப்பாவில் 2021 ஜூலை முதல் எல்லாப் புதிய மின்கார்களும் 20 கி.மீ. வேகம் வரை எச்சரிக்கை ஒலி எழுப்ப வேண்டும். அதற்கு மேல் டயர் ஓசையே போதும் என்பது கருத்து. நம் பாய்ச்சல்காரனோ அந்த எல்லையை முக்கால் வினாடியில் கடந்துவிடும்! நடப்பவர் திரும்பிப் பார்க்கவே அந்த நேரம் போதாது.

குறை பொறியியலில் இல்லை, தாளில் உள்ளது. இருக்கைத் தோல், கூரைக் கண்ணாடி ஆகியவற்றோடு திறனையும் ஓர் அலங்காரமாக அது அடுக்குகிறது. திறனைத் தனிவரியில், கிலோமீட்டருக்கான மின்செலவுக்குப் பக்கத்தில் அச்சிடட்டும். வாங்குவோரும் மூன்று கேட்கலாம்: இந்த வகைக்கு எத்தனை கிலோவாட்? அதனால் எத்தனை கிலோமீட்டர் இழப்பு? மிதியின் வேகத்தைத் தணிக்கும் ஓட்டுமுறை உண்டா?

மாணவருக்கு நான் சொன்ன விடை இதுதான்: "படத்தில் ஒரே கார்தான் தம்பி. வேறுபாடு அந்த முதல் வினாடியில் இருக்கிறது. அந்த வினாடியில் எதிரே யார் நடக்கிறார் என்பதைத் தாள் சொல்லாது. ஓட்டுபவர்தான் பார்க்க வேண்டும்."