பார்க்க மட்டும் அனுமதி

அமித் மசூர்கரின் 'ஷேர்னி' (2021) படம் ஒரு மனிதனின் புலிநடையோடு தொடங்குகிறது. வனத்துறை ஆள் ஒருவர் கேமரா முன்னால் நாலு காலில் தவழ்கிறார். புலி வந்தால் படம் விழுமா என்று சோதிக்கிறார்கள். சிரிப்பு வருகிற காட்சிதான். கொஞ்ச நேரத்திலேயே, புதிதாக வந்த வன அதிகாரி வித்யா வின்சென்ட் (வித்யா பாலன்) விலங்குகளுக்கான குட்டை வறண்டு கிடப்பதைப் பார்க்கிறார். கேமரா ரெடி, தண்ணி இல்லை. படத்தின் மொத்த விவாதமும் எனக்கு இந்த இரண்டு காட்சிகளுக்குள்ளேயே கிடைத்துவிட்டது.

2024 ஏப்ரலில் மயிலாடுதுறையில் ஒரு சிறுத்தை சிசிடிவியில் பதிவானது. சில நாட்களில் அரியலூர் மாவட்டம் செந்துறையிலும் சிறுத்தை நடமாட்டம். அப்போது பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் எல்லார் வாயிலும் ஒரே கேள்வி: "இப்ப எங்க இருக்கு?" தானியங்கிக் கேமராக்களும் கூண்டுகளும் அந்தக் கேள்விக்கான கருவிகள். 'ஷேர்னி' கேட்பது வேறு: அது எந்த வழியா வீடு திரும்பும்?

படத்தில் மேய்ச்சல் நிலத்தில் வனத்துறையே தேக்கு நட்டிருக்கிறது. அதனால் மாடுகள் காட்டுக்குள் போகின்றன, பின்னாலேயே மனிதர்கள். டி12 என்ற பெண்புலி தேசியப் பூங்காவுக்குப் போகும் வழியில் செப்புச் சுரங்கம் வாயைப் பிளந்து கிடக்கிறது. சுண்ணாம்புக்கல் எடுத்த பள்ளங்களைப் பார்த்து வளர்ந்த அரியலூர்க்காரருக்கு அந்தக் காட்சியை யாரும் விளக்க வேண்டியதில்லை.

மென்பொருளில் ரீட், ரைட் என்று இரண்டு அனுமதிகள் உண்டு. முதலாவது இருந்தால் பார்க்கலாம், இரண்டாவது இருந்தால்தான் மாற்றலாம். ஜிபிஎஸ், கேமரா, புலிகள் காப்பகங்களில் ரோந்தைப் பதிவு செய்யும் எம்-ஸ்ட்ரைப்ஸ் செயலி எல்லாமே வனக்காப்பாளருக்குத் தேவைதான். ஆனால் அவை தருவது ரீட் அனுமதி மட்டும். குட்டைக்குத் தண்ணீர் விடவும், மேய்ச்சல் நிலத்தைத் திருப்பித் தரவும், சுரங்கத்தின் ஓரமாக ஒரு வழி ஒதுக்கவும் கையெழுத்துப் போடுகிறவர் வேறெங்கோ உட்கார்ந்திருக்கிறார். வித்யாவே அந்தக் கையெழுத்துக்குக் கெஞ்ச வேண்டியிருக்கிறது என்றால் கீழே இருப்பவர் நிலைமையை என்ன சொல்ல?

படத்தின் மீது என் புகாரும் இதுதான். வேட்டைக்காரர் பிண்ட்டுவை வெறுப்பது ரொம்பச் சுலபம். அவருக்குக் கிடைக்கும் திரைநேரத்தில் பாதியை அந்த வனக்காவலர்களுக்குக் கொடுத்திருக்கலாம். அவர்களுக்கு முகம் இருக்கிறது, கதை இல்லை. ராத்திரி ரோந்து போகிறவர் வீட்டில் என்ன பேசிக்கொள்வார்கள்? ஊர்க்காரர்கள் ஜீப்பை மறிக்கும்போது, அதே ஊர்க்காரரான காவலர் யார் பக்கம் நிற்பார்? படமும் அவர்களைப் பார்க்கிறது, பேச விடவில்லை.

இருந்தாலும் மசூர்கர் ஒன்றைச் சரியாகப் பிடித்திருக்கிறார். 2018 நவம்பரில் மகாராஷ்டிராவின் யவத்மாலில் சுடப்பட்ட அவ்னியைப் போலவே டி12-ம் சாகிறது. குட்டிகள் பிழைப்பது ஜோதி என்கிற கிராமத்துப் பெண்ணாலும் ஊர்க்காரர்களாலும். வித்யா அவர்களிடம் நடந்துபோய்ப் பேசிச் சம்பாதித்த நம்பிக்கை எந்தக் கொள்முதல் பட்டியலிலும் வராத கருவி.

கடைசியில் வித்யாவுக்கு அருங்காட்சியக வேலை. சுற்றிலும் பாடம் செய்யப்பட்ட விலங்குகள். அவை எங்கே இருக்கின்றன என்று கண்டுபிடிக்க ஒரு கேமராவும் தேவையில்லை.