புனர்வாழ்வு என்னும் சொல்: மாத்தளையை முன்வைத்து ஒரு நோக்கு

ஒரு சொல்லின் வழக்காற்றை ஆராய்தல், அதனை வழங்கிய சமுதாயத்தின் வரலாற்றை ஆராய்தலும் ஆகும். நமது அரச ஆவணங்களிலும் நாளிதழ்களிலும் பெரிதும் பயிலும் 'புனர்வாழ்வு' என்பது அவ்வகையில் ஆராயற்பாலது. தமிழகத்தார் 'மறுவாழ்வு' என்பர். ஈழத்தவராகிய நாம் வடமொழி முன்னொட்டுடன் வழங்குகின்றோம். இரண்டும் ஆங்கிலவழி வந்த கருத்தொன்றின் மொழிபெயர்ப்புக்களே. அவ்வாங்கிலச் சொல்லுக்கு மூலமான இடைக்கால இலத்தீன் சொல், ஒருவர் இழந்த பதவியையும் உரிமையையும் அவருக்கு மீட்டளித்தலைக் குறித்தது. பிரான்சில் பொய்க்குற்றஞ் சுமத்தப்பட்ட திரைபசு என்னும் படையதிகாரியின் தீர்ப்பு 1906இல் நீக்கப்பட்டு, அவர் மீண்டும் படையிற் சேர்க்கப்பட்டமை இப்பொருளுக்கு எடுத்துக்காட்டாகும். தமிழாக்கத்தில் 'வாழ்வு' நின்றது, 'உரிமை' மறைந்தது. இம்மறைவின் விளைவை மாத்தளை மாவட்டத்தின் அனுபவம் நன்கு காட்டுகின்றது.

மாத்தளையின் சிங்களக் கிராமத்தவர், 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்காணிச் சட்டத்தாலும் அதனைத் தொடர்ந்த கோப்பித் தோட்டப் பெருக்கத்தாலும் நிலமிழந்தனர். 1848ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப் புதிய வரிகள் உடனடிக் காரணமாயினும், நிலத்தைப் பற்றிய மனக்குறையும் அதன் பின்னணியில் இருந்தது. ஒரு நூற்றாண்டின் பின்னர், மத்திய, ஊவா மாகாணங்களை ஆராய்ந்த கண்டிய விவசாயிகள் ஆணைக்குழு 1951இல் அறிக்கை வெளியிட, அவ்விவசாயிகளின் புனர்வாழ்வு அரசின் கடமையாக ஏற்கப்பட்டது. இழப்பு ஒன்று நிகழ்ந்தது என்பதை அரசே ஒப்புக்கொண்ட பயன்பாடு இது.

அதே மலைகளில், அதே காலத்தில், மற்றொரு மக்கள் வேறோர் இழப்புக்கு ஆளாயினர். மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளை வழியே காட்டுப்பாதையில் மாத்தளையை அடைந்த தொழிலாளரின் வழித்தோன்றல்களை, 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் நாடற்றவராக்கிற்று. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பகிர்ந்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974ஆம் ஆண்டு ஒப்பந்தம் இரு சம கூறாக்கிற்று. இந்தியா சென்றோருக்குத் தமிழகத்தில் அளிக்கப்பட்டதே 'மறுவாழ்வு' எனப்பட்டது. 1968இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் திட்டத்தின்கீழ் நீலகிரியில் அவர்களுட் பலர் மீண்டும் கொழுந்து பறித்தனர். தொழில் மாறவில்லை, ஊர் மாறிற்று. உரிமை பறித்த செயலின் தொடர்ச்சியே வாழ்வளிக்கும் செயலாகப் பெயர் பெற்றமை ஈண்டு நோக்கத்தக்கது.

தோட்டத்துறையில் இவ்வாங்கிலச் சொல் மண்ணுக்கும் வழங்குதல் குறிப்பிடத்தக்கது. முதிர்ந்த தேயிலைச் செடிகளைப் பிடுங்கிய பின்னர், வளங்குன்றிய மண்ணில் மானாப் புல்லையோ குவாத்தமாலாப் புல்லையோ ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகள் வளர்ப்பர். அதனை அவ்வப்போது வெட்டி நிலத்தின்மீதே பரப்புவர். மண் தேறிய பின்னரே புதுக் கன்றுகளை நடுவர். மண் களைத்தமைக்கு மண்ணை எவரும் குற்றஞ் சாட்டுவதில்லை. அதனை வேறிடத்துக்கு அகற்றுவதுமில்லை. கோயிற் புனருத்தாரணமும் இத்தகையதே. பாலஸ்தாபனத்தில் எழுந்தருளிய தெய்வம் திருப்பணி நிறைவில் மூலத்தானத்துக்கே மீளும். மண்ணுக்கும் தெய்வத்துக்கும் உரிய இவ்விலக்கணம் மனிதர்க்குப் பொருந்தாமற் போனதே இச்சொல்லின் வரலாற்றிற் காணும் முரண்பாடு.

1983 ஜூலையில் மாத்தளை நகரத் தமிழர் கடைகளும் வீடுகளும் எரியூட்டப்பட்டன. பின்னர் 1987ஆம் ஆண்டின் 29ஆம் இலக்கச் சட்டம் ஆட்கள், ஆதனங்கள், கைத்தொழில்கள் ஆகியவற்றின் புனர்வாழ்வுக்கென அதிகாரசபை ஒன்றை அமைத்தது. மனிதனும் கட்டடமும் ஒரே வரிசையில் வைக்கப்பட்டமை ஒருபுறமிருக்க, எரித்தவர் எவர் என்ற வினாவுக்கு அச்சொல்லில் இடமில்லை. 2018ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டம் அச்சபையின் இடத்தில் இழப்பீட்டுக்கான அலுவலகத்தை நிறுவியபோது அக்குறை ஓரளவு நீங்கிற்று. 'இழப்பீடு' என்பது இழைக்கப்பட்ட தீங்கையும் உடன் நினைவூட்டுவது. ஆயின், 2009இன் பின்னர்ச் சரணடைந்த போராளிகளுக்கும், 2023ஆம் ஆண்டின் பணியகச் சட்டத்தின்கீழ்ப் போதைப்பொருளுக்கு அடிமையானோருக்கும் 'புனர்வாழ்வு' வழங்கலாயிற்று. தீங்குற்றோரைச் சுட்டிய சொல், திருத்தப்படவேண்டியோரைச் சுட்டுவதாயிற்று. இரு பொருளும் ஒரே சொல்லில் உறையும்போது, முன்னவர்மீதும் பின்னவரின் நிழல் படிதல் தவிர்க்கவொண்ணாதது.

இவ்விடத்து ஒரு மறுப்பு எழலாம்: சொல் எதுவாயினும், பசித்தவர்க்கு உணவும் வீடிழந்தவர்க்குக் கூரையும் கிடைத்தாற் போதாதா? கிடைத்த உதவியைக் குறைத்து மதிப்பிடுவது நமது நோக்கமன்று. ஆனால் உதவி என்பது கொடுப்பவரின் மனத்தைப் பொறுத்தது, உரிமை அவ்வாறன்று. மலையகத் தமிழர் வரலாற்றில் மூல இலத்தீன் பொருளுக்கு மிக அண்மித்த செயல், 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிலையாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினர்க்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் குடியுரிமை வழங்கிய 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமே. அதனைப் 'புனர்வாழ்வு' என எவரும் அழைக்கவில்லை. உண்மையான மீட்பு நிகழ்ந்த இடத்தில் இச்சொல் வழங்கவில்லை. வழங்கிய இடங்களில் மீட்பு முழுமை பெறவில்லை.

ஆகவே இச்சொல்லை ஆளுவோர், இழந்தது யாது, இழக்கச் செய்தவர் யார், மீட்டளிக்கப்படுவது அதுவேதானா என்னும் வினாக்களுக்கு விடை கூறக் கடப்பாடுடையர். இரத்தோட்டையிலும் எல்கடுவையிலும் லயன் அறைகளில் வாழ்வோருட் பலர்க்குத் தாம் வாழும் இடத்துக்கு இன்றும் காணி உறுதி இல்லை. குடியுரிமை மீண்டபின்னரும் நிலவுரிமை எஞ்சி நிற்கின்றது. அதனை அளிக்கும் நாளில் அச்செயலுக்குப் புனர்வாழ்வு என்று பெயரிடுவராயின், அச்சொல் தன் பழைய பொருளை மீளப் பெறும்.